அழித்து எழுதப்பட்ட விடைகள்: அட்லாண்டா பள்ளிகளும் ஆசிரியரின் அமானிதமும்

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், பார்க்ஸ் நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 24 சதவீதம் பேர் மாநிலக் கணிதத் தேர்வில் தேறினார்கள். 2006இல் 86 சதவீதம் பேர். வாசிப்புத் தேர்வில் 35 சதவீதம் என்பது 78 ஆனது. வகுப்பறையில் சாக்பீஸ் பிடித்த எவரும் இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். எழுத்துக் கூட்டித் தடுமாறும் பிள்ளையை ஒரு பத்தி தடங்கலில்லாமல் வாசிக்க வைப்பதற்கே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அட்லாண்டாவில் மேலிடத்தில் இருந்தவர்கள் யோசிக்கவில்லை. பாராட்டினார்கள்.

மோசடி செய்தார்கள், பிடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள் என்று இந்த வழக்கை மூன்று வரியில் முடித்துவிடலாம். நான் இதை விரிவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே ஆசிரியர்களுக்கு எழுதப்பட்ட நெறிமுறை இருந்தது என்பதுதான். அதை மேற்பார்வை செய்ய ஓர் ஆணையமும் இருந்தது. இவ்வளவு இருந்தும் நடந்தது. இஸ்லாமியக் கல்வி மரபு ஆசிரியரின் கடமையை வேறோர் இடத்திலிருந்து, அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு) என்ற இடத்திலிருந்து பேசத் தொடங்குகிறது. அங்கிருந்து பார்க்கும்போது, நீதிமன்றமும் பத்திரிகைகளும் கடைசியில்தான் கவனித்த ஒரு தரப்பு முதலிலேயே கண்ணில் படுகிறது: அந்தப் பிள்ளைகள்.

பின்னணி

ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. நகரப் பொதுப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 50,000 பேர். பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள், அவர்களில் பெரும்பகுதி ஏழைக் குடும்பங்கள். 1999இல் பெவர்லி ஹால் இந்தப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமைக் கண்காணிப்பாளராக வந்தார். 2002இல், எந்தப் பிள்ளையையும் பின்தங்க விடக் கூடாது என்ற முழக்கத்தோடு மத்திய அரசின் புதிய கல்விச் சட்டம் கையெழுத்தானது. ஆண்டுதோறும் தேர்வு, ஆண்டுதோறும் முன்னேற்றம், முன்னேறாத பள்ளிக்குத் தண்டனை என்பது அதன் சாரம். தொடர்ந்து பின்தங்கும் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம்; பள்ளியையே கலைத்து மாற்றி அமைக்கவும் வழி இருந்தது.

ஹால் இதற்கு மேலும் ஒரு படி வைத்தார். ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்ட நிர்வாகமே தனி இலக்கு நிர்ணயித்தது. எட்டினால் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. எட்டாத தலைமையாசிரியர் மூன்று ஆண்டுக்குள் எட்டிக் காட்ட வேண்டும், இல்லையேல் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அவர் பதவியில் இருந்த பத்தாண்டில் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நகரின் பெரிய உள்விளையாட்டரங்கில் எல்லாப் பள்ளி ஊழியர்களையும் கூட்டி விழா நடக்கும். இலக்கை எட்டிய பள்ளிக்காரர்களுக்கு மேடைக்கு அருகில் இடம். எட்டாதவர்கள் தூரத்துப் படிக்கட்டு இருக்கைகளில் உட்கார வேண்டும். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஊரே பார்க்கும்.

2009இல் ஹால் அந்த நாட்டின் சிறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் என்ற விருதைப் பெற்றார்.

என்ன செய்தார்கள்

தேர்வு, சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்பும் வகை. பிள்ளைகள் எழுதி முடித்த தாள்கள் இயந்திரத்துக்குப் போவதற்குள் சில நாட்கள் பள்ளியிலேயே இருக்கும். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது. வெனிஷியன் ஹில்ஸ் தொடக்கப் பள்ளியில் தேர்ந்தெடுத்த சில ஆசிரியைகள் ஓர் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, தவறான வட்டங்களை அழித்துச் சரியானவற்றை நிரப்பினார்கள். கிடியன்ஸ் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர்கள் விடைத்தாள்களை ஒருவர் வீட்டுக்கே கொண்டுபோய் வார இறுதியில் திருத்தினார்கள். பார்க்ஸ் பள்ளியில் தேர்வுப் பொறுப்பாளர் இதில் சேரவில்லை. தாள்கள் அவர் அறையில் இருந்தன. எனவே தலைமையாசிரியர் அவரைச் சாப்பிட வெளியே அழைத்துப் போவார், அவர் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். வினாத்தாள்களை முன்கூட்டியே பார்ப்பதற்காகப் பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் நறுக்கி, பார்த்துவிட்டு லைட்டர் சூட்டில் மீண்டும் ஒட்டியதும் நடந்தது.

இந்த விவரங்களை ஒன்றுவிடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை ஆத்திரத்திலோ அவசரத்திலோ செய்த காரியங்கள் அல்ல. ஆள் பிரித்து, நேரம் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு பழகிப் பழகிச் செய்தவை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் நல்லாசிரியர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். பார்க்ஸ் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவர், பள்ளி மூடப்பட்டால் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் போக்கிடமே இல்லை என்று உண்மையாகவே நம்பித்தான் இறங்கினார்.

எதிர்த்தவர்களுக்கும் குறைவில்லை. புகார் எழுதினார்கள். 2006லேயே பார்க்ஸ் பள்ளி பற்றி ஒரு புலனாய்வாளர் விசாரித்து, அங்கே மோசடி நடக்கிறது என்று ஹாலிடமே சொன்னார். எதுவும் நடக்கவில்லை. புகார் சொன்ன ஆசிரியர்கள் மாற்றப்பட்டார்கள், வேலைத் திறன் குறைவு என்று எழுதப்பட்டார்கள். ஒரு பள்ளியில், மாணவர் மதிப்பெண் குறைந்திருந்த ஓர் ஆசிரியையை, சக ஆசிரியர்கள் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் மேசைக்கு அடியில் தவழ வைத்தார் தலைமையாசிரியர். அரசு விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கும் சம்பவம் இது.

எப்படி வெளிவந்தது

முதலில் சந்தேகம் கிளப்பியது உள்ளூர் நாளிதழான அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன். 2008 முதல் அந்தப் பத்திரிகை மதிப்பெண்களில் இருந்த நம்ப முடியாத தாவல்களைக் கணக்குப் போட்டு வெளியிட்டது. பிறகு மாநில அரசே 2009 தேர்வின் விடைத்தாள்களில் அழித்த தடங்களை எண்ணியது. தவறிலிருந்து சரிக்கு மாற்றியவை மட்டும் சில வகுப்புகளில் அளவு கடந்து இருந்தன. அட்லாண்டாவின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சந்தேகப் பட்டியலில் வந்தன. நகர நிர்வாகம் தானே விசாரித்து, பிரச்சினை சில பள்ளிகளோடு நிற்கிறது என்றது. அதில் திருப்தியடையாத ஆளுநர் சன்னி பெர்ட்யூ, 2010 ஆகஸ்டில் முன்னாள் மாநில அட்டர்னி ஜெனரல் மைக் பவர்ஸ், முன்னாள் மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் வில்சன் ஆகியோரிடம் விசாரணையை ஒப்படைத்தார்.

2,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள், 8 லட்சத்துக்கும் அதிகமான ஆவணங்கள். 2011 ஜூலையில் அறிக்கை வெளியானது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் மோசடி. 38 தலைமையாசிரியர்கள் உட்பட 178 பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். வெனிஷியன் ஹில்ஸ் பள்ளியின் ஆசிரியை ஒருவர், செய்ததை ஒப்புக்கொண்டபின், உடலில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்திக்கொண்டு சக ஊழியர்களிடம் பேச முன்வந்ததுதான் விசாரணைக்குப் பெரிய திருப்பமாக அமைந்தது.

2013 மார்ச்சில் ஹால் உட்பட 35 பேர் மீது, திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான ரிக்கோ சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு பதிவானது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகினார்கள். ஹால் கடைசிவரை மறுத்தார். 2015 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார், அவர் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி, விசாரணையை எதிர்கொண்ட 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தண்டனை அறிவிப்பதற்கு முன் நீதிபதி ஜெரி பாக்ஸ்டர், குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் குறைந்த தண்டனை தருவதற்கு வழி திறந்து வைத்தார். இருவர் மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். மேல்நிலை நிர்வாகிகள் மூவருக்கு 20 ஆண்டு தண்டனை விதித்து, அதில் 7 ஆண்டு சிறையில் என்றார். இரண்டு வாரம் கழித்து அதை அவரே 10 ஆண்டாக, அதில் 3 ஆண்டு சிறை என்று குறைத்தார்.

நெறிமுறை என்ன சொன்னது

ஜார்ஜியா மாநிலத்தில் ஆசிரியர் உரிமம் வழங்கும் தொழில்தர ஆணையம் ஒரு நெறிமுறையை வைத்திருக்கிறது. மாணவரோடு நடந்துகொள்வது, நேர்மை, பொதுப்பணம், ரகசியம் காத்தல், தேர்வு நடத்தை என்று அதில் விதிகள் உண்டு. மீறினால் எச்சரிக்கையிலிருந்து உரிமம் பறிப்பு வரை நடவடிக்கை. இது தவிர, தேசிய அளவில் ஆசிரியர் சங்கம் 1975இல் வகுத்த நெறிமுறை இருக்கிறது. அது மாணவருக்கு ஆற்ற வேண்டிய கடமை, தொழிலுக்கு ஆற்ற வேண்டிய கடமை என்று இரண்டு பகுதியாகப் பேசுகிறது. ஆகவே விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்பது அட்லாண்டாவில் யாருக்கும் தெரியாமல் இல்லை. விதி தெரிந்தவர்கள்தான் கதவைப் பூட்டினார்கள்.

அப்படியானால் எங்கே கோளாறு? என் கணிப்பில், அந்த விதிகள் ஆசிரியரைத் தனி ஆளாக நிறுத்திப் பேசுகின்றன. நீ பொய் சொல்லாதே, நீ திருத்தாதே. அந்த ஆசிரியருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, “எப்படியாவது முடித்துக் காட்டு” என்று சொல்பவர் விதியின் பார்வைக்குள் வருவதில்லை. அவர் எந்தத் தாளையும் தொடுவதில்லையே! இன்னொன்று, அந்த விதிகளை மீறினால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியது ஆணையத்துக்கு. உரிமம் கொடுத்தவர் உரிமத்தைப் பிடுங்குகிறார். கணக்கு அத்தோடு தீர்ந்தது. தாளின் சொந்தக்காரப் பிள்ளை அந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

நனைந்த தானியம்

நபிகள் நாயகம் (ஸல்) கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். கையை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. “இது என்ன?” என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். “மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர்” என்றார்கள். ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கும் இந்தச் சம்பவத்தை வியாபார ஒழுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லித்தான் நாம் பழகியிருக்கிறோம். பார்க்ஸ் பள்ளியின் 86 சதவீதத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். மேலே காய்ந்த தானியம், கீழே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை. அந்தத் தானியம் நனைந்தது வியாபாரியின் குற்றம் இல்லை, மழை பெய்தது. பிள்ளைகள் பின்தங்கியிருந்ததும் ஆசிரியரின் குற்றம் இல்லை; வறுமையும் இனப் பாகுபாடும் தலைமுறை தலைமுறையாகப் பெய்த மழை அது. மறைத்ததுதான் குற்றம். ஈரத்தை மேலே காட்டியிருந்தால் உதவி வந்திருக்கும்.

இது வெறும் ஒப்புமை இல்லை, அட்லாண்டாவில் நேராகவே நடந்தது. பின்தங்கிய பள்ளி என்ற பட்டியலிலிருந்து பெயர் நீங்கியதும், அந்தப் பட்டியலில் உள்ள பள்ளிகளுக்கென்று வரும் லட்சக்கணக்கான டாலர் உதவி பார்க்ஸ் பள்ளிக்கு நின்றுபோனது. ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் வகுப்பில் வாசிப்பில் ஆகக் கடைசியில் இருந்தவள், மாநிலத் தேர்வில் எதிர்பார்ப்பை மிஞ்சியவளாக வந்தாள். அவள் தேறிவிட்டாள் என்பதால் கூடுதல் கவனிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு ஐந்தாம் வகுப்பு அளவில்தான் வாசிக்க முடிந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா’ நூலின் கல்வி பற்றிய பகுதியில் ஆசிரியருக்கு எட்டுக் கடமைகளை வகுக்கிறார். மாணவரைப் பெற்ற பிள்ளையாக நடத்துவது முதல் கடமை. கற்பித்ததன்படி தானும் நடப்பது கடைசிக் கடமை. மூன்றாவது கடமையைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்: மாணவருக்கு நன்மை நாடுவதில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது, ஒரு நிலைக்குத் தகுதி வருமுன் அந்த நிலைக்கு ஏற முயல்வதிலிருந்து அவரைத் தடுக்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய வரி. அந்தப் பெண் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை ஏறி வந்ததை நினைத்தால், அந்தத் தடுத்தல் எவ்வளவு பெரிய கருணை என்று புரிகிறது. தகுதி பெறாத பிள்ளையை மேலே தள்ளிவிடுவதை நாம் இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். கஸ்ஸாலியின் கணக்கில் அது நன்மை நாடுவதில் செய்யும் குறை.

கைரவான் விதிகள்

இஸ்லாமிய மரபு என்றதும் உயர்ந்த உபதேசங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்குள் மிக நடைமுறையான, காசு பணம் பேசும் விதிகளும் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய துனிசியாவிலுள்ள கைரவான் நகரில், முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (817–870) என்ற அறிஞர் மக்தப் (குர்ஆன் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி) ஆசிரியர்களுக்கான ஒழுங்குகளை ஒரு சிறு நூலாகத் தொகுத்தார். ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ என்று பெயர். ஆசிரியர் ஒழுக்கத்துக்கென்றே தனியாக எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களில் ஒன்று. தம் தந்தை, மாலிக்கி சட்ட அறிஞர் ஸஹ்னூனிடம் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன தீர்வுகளுமாகப் பெரும்பகுதி அமைந்திருக்கிறது.

பிள்ளைகளைத் தன் சொந்த வேலைக்கு அனுப்பலாமா? கூடாது. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியர் தனக்காகச் சட்ட நூல் எழுதிக்கொண்டிருக்கலாமா? அவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு எழுதட்டும். அவர்கள் இருக்கும்போது அந்த நேரம் அவர்களுடையது. ஏழைப் பிள்ளையையும் பணக்காரப் பிள்ளையையும் சமமாக நடத்தாத ஆசிரியர் மறுமையில் துரோகிகளோடு எழுப்பப்படுவார் என்ற அறிவிப்பும் அதில் உண்டு.

இந்த வழக்குக்கு முக்கியமானது ஊதிய விதி. அந்தக் காலத்தில் பிள்ளை குர்ஆனில் ஒரு கட்டத்தை முடித்தால் ஆசிரியருக்குத் தனி அன்பளிப்பு தரும் வழக்கம் இருந்தது. இன்றைய ஊக்கத்தொகை போல என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு உரிமை எப்போது? சொல்லச் சொல்ல எழுதவும் எழுத்துகளை அறிந்து வாசிக்கவும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தத் தொகை இல்லை. ஆசிரியரின் அலட்சியம்தான் காரணம் என்று தெரிந்தால் அவர் கண்டிக்கப்பட வேண்டும், கற்பிக்க விடக் கூடாது. அதாவது கைரவானிலும் பலனுக்கேற்ற பணம் இருந்தது. ஆனால் பலன் என்பது பிள்ளையின் நாக்கிலும் விரலிலும் தெரிந்தாக வேண்டும், ஏட்டில் ஏறிய எண்ணில் அல்ல.

ஹால் தம் பதவிக்காலத்தில் பெற்ற ஊக்கத்தொகை 5 லட்சம் டாலருக்கும் மேல். ஊக்கத்தொகையே தவறு என்று நான் சொல்லவில்லை, அது ஒப்பந்தப்படி வந்த பணம். ஆனால் ஸக்காத் (கட்டாய தர்மம்) வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, “இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது” என்று பிரித்து வைத்தபோது நபி (ஸல்) கேட்ட கேள்வி இங்கே பொருந்துகிறது: அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா? புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள செய்தி. உண்மையான மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருந்தால் அந்த ஊக்கத்தொகை வந்திருக்குமா என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

கைரவான் நூலை அப்படியே இன்றைக்கு எடுத்துவர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் அனுமதி இல்லாமல் மூன்று அடிக்கு மேல் அடிக்கக் கூடாது என்பது அதன் விதி. வரம்பே இல்லாமல் அடித்த காலத்தில் அது ஒரு கட்டுப்பாடு. இன்று ஓர் அடிக்கும் இடமில்லை, இருக்கவும் கூடாது. அதே ஸஹ்னூன் தம் மகனைப் பற்றி அவன் ஆசிரியரிடம், “பாராட்டாலும் இதமான சொல்லாலும் மட்டுமே இவனைத் திருத்துங்கள்” என்று சொல்லியனுப்பினார். தன் பிள்ளைக்கு அவர் கேட்டதையே எல்லாப் பிள்ளைக்கும் விதியாக எடுத்துக்கொள்வது நமக்கு நல்லது.

“மேலிடம் சொன்னது”

விசாரணையில் பலரும் சொன்னது இதுதான். வேலை போய்விடும், வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறேன். இதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தேர்ச்சி விகிதக் கூட்டங்களில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன்.

வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில் ஓர் அத்தியாயம், மாணவரிடம் கடுமை காட்டுவது கேடு என்பதைப் பேசுகிறது. அடக்குமுறையில் வளரும் பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் பழகுகிறது, தண்டனைக்கு அஞ்சி மனத்தில் இருப்பதற்கு மாறாக நடக்கிறது, அந்த வேஷமே நாளடைவில் அதன் குணமாகிவிடுகிறது என்கிறார். பிள்ளையோடு அவர் நிறுத்தவில்லை. ஊழியருக்கும், கொடுங்கோலுக்குக் கீழ் வாழும் சமூகங்களுக்கும் இதே கதிதான் என்கிறார். அட்லாண்டா அறிக்கை பயம், மிரட்டல், பழிவாங்கல் என்று பதிவு செய்த சூழலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மேசைக்கு அடியில் ஓர் ஆசிரியை தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் அன்று என்ன பாடம் படித்திருப்பார்கள்?

ஆனால் பயம் காரணமாகலாம், அனுமதியாகாது. நபி (ஸல்) ஒரு படைப்பிரிவை அனுப்பியபோது அதன் தலைவர் கோபத்தில் நெருப்பு மூட்டச் சொல்லி, அதற்குள் இறங்குமாறு ஆட்களுக்குக் கட்டளையிட்டார். தலைவருக்குக் கீழ்ப்படியச் சொல்லித்தானே அனுப்பப்பட்டோம் என்று சிலர் யோசித்தார்கள். மற்றவர்கள், நெருப்பிலிருந்து தப்பத்தானே நபியிடம் வந்தோம் என்று நின்றுவிட்டார்கள். செய்தி நபியிடம் வந்தபோது, இறங்கியிருந்தால் வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்றார்கள். கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்றார்கள். மார்க்கச் சட்ட அறிஞர்களும் நிர்ப்பந்தத்தை ஆராயும்போது உயிருக்கும் உறுப்புக்கும் வரும் ஆபத்தை ஒரு தட்டிலும், அதைவிடக் குறைந்த இழப்பை வேறு தட்டிலும் வைக்கிறார்கள். வேலை இழப்பு பெரிய துன்பம்தான். அதைக் காட்டி, எதிர்க்க முடியாத இன்னொருவரின் உரிமையில் கை வைக்க வழி இல்லை.

அதே மரபு மேலே இருப்பவரையும் விடுவதில்லை. ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர் குறித்து விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி ஆட்சியாளரிலிருந்துதான் பட்டியலைத் தொடங்குகிறது. எனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை என்று ஹால் மறுத்தது நீதிமன்றத்தில் ஒரு வாதம். மேய்ப்பருக்கு அது வாதமே அல்ல. தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. அதிலும் 2006லேயே ஒருவர் நேரில் வந்து சொல்லியிருக்கிறார்.

தண்டனை குறித்த விவாதத்தில் என் நிலையையும் சொல்ல வேண்டும். கும்பல் குற்றங்களுக்கான சட்டத்தை ஆசிரியர்கள் மீது ஏவியதும், குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவராக இருந்ததும், இப்படி ஓர் இலக்கு முறையை உருவாக்கிய கொள்கைவாதிகள் யாரும் நீதிமன்றப் படி ஏறாததும் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் விதித்த 7 ஆண்டுச் சிறை அளவுக்கு மீறியது. நீதிபதியே அதைக் குறைத்தார். ஆனால் இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, வெறும் எண்கள்தானே என்று சிலர் பேசியதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

கடன் யாருக்கு

இமாம் நவவி (ரஹ்) தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீளுவதற்கு) நிபந்தனைகளை வகுக்கிறார். பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பாவம் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையில் என்றால் இந்த மூன்றும் போதும். இன்னொரு மனிதரின் ஹக் (உரிமை) அதில் இருந்தால் நான்காவதும் உண்டு: அந்த உரிமையை உரியவரிடம் திருப்பிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தவ்பா நிறைவடையாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அட்லாண்டாவில் உரிமம் பறித்தார்கள், சிறைக்கு அனுப்பினார்கள், மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நான்காவதுதான் மிகத் தாமதமாக வந்தது. 2015இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், யாருடைய தாள்கள் திருத்தப்பட்டன, அவர்களின் படிப்பு பிறகு என்ன ஆனது என்று ஆராய்ந்தார். வாசிப்பிலும் மொழியிலும் பின்னடைவு தெரிந்தது. அதன் பிறகுதான், இன்னும் பள்ளியில் இருந்த அந்தப் பிள்ளைகளுக்கு ‘டார்கெட் 2021’ என்ற பெயரில் தனிப் பயிற்சியும் ஆலோசனையும் தர நிர்வாகம் திட்டம் தொடங்கியது. 2009இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர் அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தார். 2009இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர் பள்ளியை விட்டே போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

ஒரு பள்ளிக்கு நெறிமுறை எழுதும் வேலை என்னிடம் வந்தால் இந்த வழக்கிலிருந்து இரண்டு பிரிவுகளைக் கட்டாயம் சேர்ப்பேன். முதலாவது, அறமற்ற கட்டளையை மறுக்கும் ஆசிரியருக்கு. மறுத்ததையும், யார் எப்போது என்ன சொன்னார் என்பதையும் பதிவு செய்ய, பள்ளி நிர்வாகத்துக்கு வெளியே ஓர் இடம் இருக்க வேண்டும். பதிவு செய்த ஆசிரியரை அந்த ஆண்டு மாற்றவோ, அவர் பணி மதிப்பீட்டைக் குறைக்கவோ முயன்றால், காரணத்தைத் தலைமையாசிரியர்தான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைக்கு. மதிப்பெண் பொய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், சம்பந்தப்பட்ட ஒவ்வொரு மாணவரையும் பதிவேட்டில் தேடி எடுத்து, பெற்றோரிடம் உண்மையைச் சொல்லி, புதிதாகச் சோதித்து, விட்ட இடத்திலிருந்து கற்பிக்க வேண்டும். விசாரணை முடியட்டும், தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படிப்பை முடித்துப் போய்விட்டவரும் இதில் அடக்கம். செலவு பள்ளியுடையது, மோசடி மதிப்பெண்ணுக்காக வாங்கிய ஊக்கத்தொகை முழுவதையும் திரும்ப வசூலித்து முதலில் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.